பெட்ரோல் செலவு குறைய: எல்லையோர பங்க் முதல் பின்சக்கரக் காற்று வரை

நம்ம ஏரியாவில் பெட்ரோல் எங்கே மலிவு என்று தேடுகிறவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஊருக்குள் பங்க் பங்காக விலை பார்த்து அலைவதில் பெரிய லாபம் கிடையாது. இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் மூன்றுமே அரசு நிறுவனங்கள், ஒரு ஊரில் மூன்றின் விலையும் சில காசு முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். தனியாரில் நயாராவும் ஜியோ-பிபியும் 2023 மே மாதத்தில் லிட்டருக்கு ஒரு ரூபாய் குறைத்து விற்றார்கள் (ஜியோ-பிபி டீசலுக்கு மட்டும்), அந்த மாதிரி சலுகை எப்போதாவது வரும், உங்கள் வழியில் அவர்கள் பங்க் இருந்தால் போர்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஷெல் பெரும்பாலும் விலை கூடுதல்.

அப்படியானால் மிச்சம் எங்கே? பாதி, நீங்கள் எந்த ஊரில், எந்தப் பயணத்தின் எந்த முனையில் நிரப்புகிறீர்கள் என்பதில் இருக்கிறது. மீதி உங்கள் வண்டியில் இருக்கிறது. இரண்டையும் ஒரே கணக்கில் கொண்டுவந்தால்தான் எது பெரிசு எது சிறிசு என்று தெரியும். அந்தக் கணக்கு லிட்டருக்கு என்ன விலை என்பது இல்லை, ஒரு கிலோமீட்டருக்கு என்ன செலவு என்பது.

முதலில் உங்கள் வண்டியின் உண்மையான மைலேஜ்

கம்பெனி சொன்ன மைலேஜ், மீட்டர் பலகையில் காட்டும் மைலேஜ் இரண்டையும் ஒதுக்கி வையுங்கள். ஒரு பங்கில் ஃபுல் டேங்க் அடியுங்கள். நாசில் தானாக டக் என்று நின்றதும் போதும், அதற்கு மேல் விளிம்பு வரை ஊற்றச் சொல்லாதீர்கள். டிரிப் மீட்டரை ஜீரோ செய்யுங்கள். வழக்கம்போல ஓட்டுங்கள், பாதி டேங்குக்கு மேல் தீர்ந்ததும் முடிந்தவரை அதே பங்கில், பைக்காக இருந்தால் அதே ஸ்டாண்டில் நிறுத்தி (சைடு ஸ்டாண்டுக்கும் சென்டர் ஸ்டாண்டுக்கும் டேங்கில் மட்டம் மாறும்) மறுபடி தானாக நிற்கும்வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இப்போது ஊற்றிய லிட்டரால் வகுத்தால் மைலேஜ். ஒரு தடவை பார்த்து முடிவு கட்டாமல் இரண்டு மூன்று டேங்க் பார்த்தால் நம்பலாம்.

உதாரணத்துக்கு 298 கிலோமீட்டர் ஓடி 6.2 லிட்டர் பிடித்தது என்றால் மைலேஜ் 48. லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 10 காசு. இதே வண்டிக்கு லிட்டருக்கு 5 ரூபாய் மலிவாக, 96 ரூபாய்க்குக் கிடைத்தால் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் ஆகும். இப்போது இன்னொரு பக்கம் பாருங்கள்: விலை 101 ஆகவே இருக்கட்டும், மைலேஜ் 48-லிருந்து ஐம்பதரைக்குப் போனால் அப்போதும் அதே 2 ரூபாய்தான். அதாவது வண்டியில் இரண்டரை கிலோமீட்டர் கூட்டிவிட்டால் ஐந்து ரூபாய் மலிவான பங்க் உங்கள் வீட்டு வாசலுக்கே வந்த மாதிரி. காற்று, செயின், பிரேக் இந்த மூன்றைச் சரிசெய்தாலே அது பல வண்டிகளுக்கு வந்துவிடும், அதைக் கீழே சொல்கிறேன்.

விலை நிஜமாகவே மாறுகிற இடங்கள்

மத்திய அரசின் கலால் வரி நாடு முழுக்க ஒன்றுதான். மாறுவது மாநில வரியும், டெர்மினலிலிருந்து (எண்ணெய் நிறுவனத்தின் பெரிய சேமிப்புக் கிடங்கு) பங்குக்கு டேங்கர் லாரி வருகிற வாடகையும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்த பிறகு பெட்ரோலுக்கான வாட் வரி 13 சதவீதம், அதன் மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. புதுச்சேரியில் வரி இதைவிடக் குறைவு. அதனால் பல வருஷமாகவே புதுச்சேரி, காரைக்கால் பங்குகளில் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது. 2025 தொடக்கத்தில் அங்கேயும் வரியைக் கொஞ்சம் உயர்த்தினார்கள், அப்படியும் வித்தியாசம் மறையவில்லை. கேரளாவிலும் ஆந்திராவிலும் தமிழ்நாட்டைவிட விலை கூடுதல். கேரளாவில் 2023 ஏப்ரலிலிருந்து லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் வேறு. பெங்களூரு முன்பு ஓசூரைவிட மலிவாக இருந்த காலம் உண்டு, 2024 ஜூனில் கர்நாடகா பெட்ரோலுக்கு 3 ரூபாய் ஏற்றியதிலிருந்து அந்தப் பழைய நினைப்பில் அத்திப்பள்ளி வரை டேங்கைக் காயவிட்டுப் போகவேண்டியதில்லை.

இதை வைத்து நடைமுறையில் என்ன செய்வது? எல்லையைத் தாண்டப் போகும்போது எந்தப் பக்கம் மலிவோ அந்தப் பக்கம் ஃபுல் டேங்க். சபரிமலைக்கோ குற்றாலம் வழியாகக் கொல்லத்துக்கோ போகிறீர்கள் என்றால் புளியரைக்கு முன்னாலேயே நிரப்பிவிடுங்கள். கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு போனால் வாளையாருக்கு முன்னால், நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போனால் களியக்காவிளைக்கு முன்னால். திருப்பதிக்கு எந்த வழியாகப் போனாலும் தமிழ்நாட்டின் கடைசி ஊர்களிலேயே. புதுச்சேரிக்குப் போகும்போது மட்டும் தலைகீழ்: போய்ச் சேருகிற அளவுக்கு வைத்துக்கொண்டு, திரும்பும்போது அங்கே ஃபுல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை திரும்புகிறவர்களுக்குக் காலாப்பட்டு, விழுப்புரம் பக்கம் திரும்புகிறவர்களுக்கு மதகடிப்பட்டு, கடலூர்க்காரர்களுக்குக் கன்னியக்கோயில் முள்ளோடை, காரைக்காலிலிருந்து நாகூர் நாகப்பட்டினம் போகிறவர்களுக்கு வாஞ்சூர். எல்லையை ஒட்டிக் கொஞ்ச தூரத்துக்குள் வரிசையாக பங்குகள் நிற்பதே இந்த வித்தியாசத்தால்தான்.

ஆனால் நிரப்புவதற்காக மட்டும் கிளம்பிப் போகாதீர்கள். எல்லை உங்கள் வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டர், லிட்டருக்கு 5 ரூபாய் மிச்சம் என்று வையுங்கள். 45 மைலேஜ் தரும் பைக்கில் போய்வர 20 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 45 ரூபாய் பெட்ரோல் போகும். டேங்கில் எட்டு லிட்டர் பிடித்தால் மிச்சம் 40 ரூபாய். கைக்காசு போனதுதான் பலன். காரில் 35 லிட்டர் நிரப்பினால் 175 ரூபாய் மிச்சம், 15 மைலேஜ் என்றால் போய்வந்த செலவு 130-க்கு மேல், ஒரு மணி நேரமும் போச்சு. அந்தப் பக்கம் வேறு வேலை இருக்கிற நாளில் நிரப்பினால் மட்டும்தான் முழு மிச்சமும் கையில் நிற்கும். தினமும் அந்த வழியாக வேலைக்குப் போகிறவர்கள் நிச்சயம் செய்யலாம், மாதக் கணக்கில் நல்ல தொகை.

மலிவாக இருக்கிறதே என்று கேனிலோ தண்ணீர் பாட்டிலிலோ பிடித்துக்கொண்டு வருவது வேண்டவே வேண்டாம். பெட்ரோல் ஆவி ஒரு சின்னப் பொறிக்குப் பற்றும், பிளாஸ்டிக்கில் ஊற்றும்போது உண்டாகும் நிலைமின்சாரமே அதற்குப் போதும். வீட்டில் குழந்தைகள் இருக்கிற இடத்தில் நாற்பது ரூபாய்க்காக இந்த ஆபத்து கூடாது.

மாநிலத்துக்குள்ளேயும் விலை ஊருக்கு ஊர் மாறும். சங்ககிரி, இருகூர், கப்பலூர், ஆசனூர் மாதிரி டெர்மினல் இருக்கிற இடங்களுக்குப் பக்கத்து ஊர்களில் வாடகை குறைவு, தள்ளிப் போகப் போகக் கூடும். மலைக்குப் போகிறவர்கள் கவனிக்கவேண்டியது இதைத்தான். ஊட்டி போகிறவர்கள் மேட்டுப்பாளையத்திலும், கொடைக்கானல் போகிறவர்கள் வத்தலக்குண்டிலும் நிரப்பிவிட்டு ஏறுங்கள். விலை மாறுகிற நாளில் காலை 6 மணிக்கு மாறும், 2017 ஜூன் 16-லிருந்து இந்த முறை. மூன்று நிறுவனங்களின் ஆப்பிலும் வழியில் இருக்கிற ஒவ்வொரு பங்கின் அன்றைய விலையும் தெரியும், நெடுந்தூரம் கிளம்புமுன் ஒரு நிமிஷம் பார்த்தால் போதும்.

பங்கில் நிற்கும்போது

கொடுத்த காசுக்கு முழு அளவு வருகிறதா என்பது மலிவு விலையைவிடப் பெரிய விஷயம். ஜீரோ பார்த்தால் போதும் என்று எல்லோரும் சொல்வார்கள், அது போதாது. நடக்கிற ஒரு தந்திரம் இப்படி: நீங்கள் 500 ரூபாய்க்கு என்கிறீர்கள், ஜீரோ காட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்பார், 200-ல் நிறுத்திவிட்டு "சார் இருநூறுனு காதுல விழுந்துச்சு, மீதி முந்நூறுக்குப் போட்டுடறேன்" என்று மறுபடி பிடிப்பார். அந்த நேரம் பார்த்து இன்னொருவர் வந்து கார்டா யுபிஐயா என்று உங்களிடம் பேச்சுக் கொடுப்பார். மீட்டர் ஜீரோவுக்குப் போகாமல் அதே 200-லிருந்து ஓடி 300-ல் நின்றிருக்கும், உங்களுக்கு வந்தது 300 ரூபாய்க்குத்தான், கொடுப்பதோ 500. எல்லா பங்கிலும் இப்படி நடப்பதில்லை, நேர்மையாக வேலை பார்க்கிறவர்கள்தான் அதிகம். ஆனாலும் இடையில் நின்றால் உடனே திரையைப் பாருங்கள், "அண்ணே, திரும்ப ஜீரோ பண்ணிட்டு முந்நூறுக்குப் போடுங்க" என்று சத்தமாகச் சொல்லுங்கள். பணம் எடுப்பது, போன் பார்ப்பது எல்லாம் நாசிலை வெளியே எடுத்த பிறகு. காரில் வந்தால் இறங்கி நில்லுங்கள், கண்ணாடி வழியாகப் பார்த்தால் பாதி மறையும்.

திரையில் தொகை, லிட்டர், ஒரு லிட்டர் விலை என்று மூன்று வரி இருக்கும். மூன்றாவது வரியையும் பாருங்கள். சாதா பெட்ரோல் கேட்டவருக்குக் கேட்காமலேயே ஸ்பீடு, பவர், எக்ஸ்பி95 என்று பிரீமியம் நாசிலைச் சொருகுவது உண்டு, லிட்டர் விலை வரியில்தான் அது தெரியும். உங்கள் வண்டியின் கையேட்டில் அதிக ஆக்டேன் வேண்டும் என்று எழுதியிருந்தால் ஒழிய பிரீமியத்துக்குக் கொடுக்கும் கூடுதல் காசு மைலேஜாகத் திரும்பி வராது.

அளவில் சந்தேகம் வந்தால் சண்டை போடவேண்டாம், சோதித்துக் காட்டச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. எடையளவுத் துறை முத்திரை குத்திய ஐந்து லிட்டர் அளவுக்குடம் ஒவ்வொரு பங்கிலும் இருக்கவேண்டும். அதில் உங்கள் கண் முன்னால் ஐந்து லிட்டர் பிடிப்பார்கள், கழுத்தில் இருக்கும் கோட்டிலிருந்து 25 மில்லி வரை கூடலாம் குறையலாம், அதற்கு மேல் குறைந்தால் அந்த பம்பில் விற்கக்கூடாது. பிடித்த பெட்ரோல் திரும்பத் தொட்டிக்கே போகும், உங்களுக்குச் செலவில்லை. தரத்தில் சந்தேகம் என்றால் ஃபில்டர் பேப்பர் கேளுங்கள்: நாசில் வாயைத் துடைத்து ஒரு சொட்டு விட்டால் இரண்டு நிமிஷத்தில் கறை இல்லாமல் காயவேண்டும், லேசான இளஞ்சிவப்பு தெரிந்தால் அது பெட்ரோலின் நிறம்தான், எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி கறை நின்றால்தான் கலப்படம். சோதனைக்கு மறுத்தால் புகார்ப் புத்தகம் கேளுங்கள், அங்கேயே நிறுவனத்தின் விற்பனை அதிகாரி எண் எழுதி ஒட்டியிருக்கும், 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. தமிழ்நாட்டில் எடையளவு விஷயங்களைப் பார்ப்பது தொழிலாளர் துறை, முத்திரை ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுக்கலாம். பில் வாங்கி வைத்திருந்தால் பம்ப் எண், நேரம் எல்லாம் அதில் இருக்கும், அதனால் பில் கேளுங்கள்.

காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது நிரப்பினால் அதிகம் வரும் என்பதும், 100-க்குப் பதில் 110 என்று கேட்டால் ஏமாற்ற முடியாது என்பதும் ஊரெல்லாம் சொல்வது. பங்கின் தொட்டி பூமிக்கு அடியில் புதைந்திருக்கிறது, காலைக்கும் மதியத்துக்கும் அங்கே வெப்பம் பெரிதாக மாறுவதில்லை. மீட்டருக்கு 100-ம் ஒன்றுதான் 110-ம் ஒன்றுதான்.

வண்டியில் செய்யவேண்டியவை

காற்றுதான் முதல். இலவசமாகக் கிடைக்கும், பங்கிலேயே பிடிக்கலாம், அப்படியும் அதிகம் பேர் விட்டுவிடுவது இதைத்தான். எவ்வளவு பிடிக்கவேண்டும் என்பது வண்டியிலேயே ஸ்டிக்கராக இருக்கும், பைக்கில் செயின் கவர் அல்லது பின்சக்கரத்துப் பக்கம், காரில் டிரைவர் கதவைத் திறந்தால் தூணில். பின்னால் ஆள் உட்காரும் வண்டிக்குப் பின்சக்கர அளவு தனியாகப் போட்டிருப்பார்கள், மனைவி குழந்தையோடு தினமும் போகிறவர்கள் அந்த அளவை வையுங்கள். டயர் சூடாக இருக்கும்போது மீட்டர் கூடுதலாகக் காட்டும், அதனால் வீட்டுக்குப் பக்கத்து பங்கில் காலையில் பிடிப்பதே சரியான அளவு தரும். நைட்ரஜன் அடித்தால் மைலேஜ் கூடும் என்று காசு கேட்பார்கள், நாம் சுவாசிக்கிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

அப்புறம் பிரேக். சென்டர் ஸ்டாண்டு போட்டு நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். தாராளமாகச் சுற்றி மெதுவாக நிற்கவேண்டும். சர்ரென்று உரசிக்கொண்டு ஒரு சுற்றுக்குள் நின்றால் பிரேக் இறுக்கமாக இருக்கிறது, நீங்கள் ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்க அது பிடித்து இழுத்துக்கொண்டே வருகிறது. மெக்கானிக்கிடம் போனால் ஒரு நட்டைத் திருப்பிச் சரிசெய்வார். செயின் துரு ஏறாமல், கிழடு தட்டாமல், நடுவில் விரலால் ஆட்டினால் ஓர் அங்குலத்துக்குள் ஆடுகிற மாதிரி இருக்கட்டும், 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை செயின் லூப் (உயவு எண்ணெய்) போடுங்கள். நம்ம ஊர்ப் புழுதிக்கு ஏர் ஃபில்டர் கையேட்டில் சொன்னதைவிடச் சீக்கிரமே அடைக்கும். ஆயில் மாற்றும்போது கடைக்காரர் கையில் கிடைத்ததை ஊற்ற விடாதீர்கள், கையேட்டில் ஆயில் கிரேடு 10டபிள்யூ30 என்று இருந்தால் அதுவேதான், அதைவிடக் கெட்டியான ஆயில் எஞ்சினுக்குச் சுமை.

இப்போது எல்லா பங்கிலும் இ20 தான் வருகிறது, 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்குவது இயல்பு, பழைய வண்டிகளில் கூடுதலாகத் தெரியும். அதற்கு நாம் செய்யக்கூடியது அதிகமில்லை, ஆனால் தண்ணீர் சேராமல் பார்த்துக்கொள்ளலாம். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், அளவு கூடினால் இரண்டும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும், வண்டி இருமி இருமி நிற்கும். மழைக்காலத்துக்கு முன் டேங்க் மூடியைத் திறந்து ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். மூடியைச் சுற்றிய பள்ளத்தில் தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டை இருக்கும், புழுதி அடைத்திருந்தால் மெல்லிய கம்பியால் குத்திவிடுங்கள். மாதக் கணக்கில் எடுக்காத வண்டியில் பெட்ரோலை அப்படியே விட்டுவைக்காதீர்கள்.

விளிம்பு வரை நிரப்பக்கூடாது என்று மேலே சொன்னதற்குக் காரணம் உண்டு. டேங்கிலிருந்து கிளம்பும் ஆவியைப் பிடித்து எஞ்சினுக்கே அனுப்ப ஒரு கரி டப்பா இப்போதைய வண்டிகளில் இருக்கிறது. மேலே மேலே ஊற்றினால் திரவமே அதற்குள் போய்க் கெடுத்துவிடும், மாற்றுவதற்கான செலவில் பல டேங்க் பெட்ரோல் போடலாம்.

ஓட்டுவதில்

45-லிருந்து 55 கிலோமீட்டர் வேகத்தில், முடிந்தவரை மேல் கியரில், ஒரே சீராக. பெட்ரோலிய சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் பல வருஷமாகச் சொல்லிவருகிற வேகமும் இதுதான். 80-க்கு மேல் போனால் எஞ்சினின் உழைப்பில் பெரும்பகுதி எதிர்க்காற்றைத் தள்ளுவதிலேயே போய்விடும். நகரத்துக்குள் சிக்னல்தான் பெட்ரோலைத் தின்கிறது: தூரத்தில் சிவப்பு தெரிந்ததும் ஆக்சிலேட்டரை விட்டுவிடுங்கள், வண்டி தானே மெதுவாக வந்து சேரட்டும், பறந்துவந்து பிரேக் அடிப்பதில் ஒரு பயனும் இல்லை. எண்கள் ஓடும் சிக்னலில் அரை நிமிஷத்துக்கு மேல் காட்டினால் எஞ்சினை அணையுங்கள். கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஊர்கிற பழக்கம் இருந்தால் விடுங்கள், பெட்ரோலும் போகும் கிளட்ச் பிளேட்டும் தேயும். காரில் டிக்கியில் கிடக்கும் வேண்டாத சாமானையும், பயன்படுத்தாத மேல் கேரியரையும் எடுத்துவிடுங்கள்.

கார்டு பற்றி ஒரு வார்த்தை. சாதாரண கிரெடிட் கார்டில் பெட்ரோலுக்கு ஒரு சதவீதம் கூடுதல் கட்டணம் பிடிப்பார்கள், குறிப்பிட்ட தொகைக்குள் இருந்தால் அதைத் திருப்பித் தருவார்கள், ஆனால் அதன் மேலான ஜிஎஸ்டி திரும்பாது. யுபிஐயில் இந்தப் பிடித்தமே இல்லை. எண்ணெய் நிறுவனங்களோடு சேர்ந்து வங்கிகள் தரும் கார்டுகளில் சில சதவீதம் புள்ளியாகத் திரும்பக் கிடைக்கும், மாதம் நாலாயிரம் ரூபாய்க்குப் பக்கம் பெட்ரோல் போடுகிறவர்களுக்கு வருடக் கட்டணம் போகவும் மிஞ்சும். மாதம் எண்ணூறு ரூபாய்க்கு அடிக்கிறவர்களுக்கு வேண்டாம். பாக்கி வைக்கிற பழக்கம் இருந்தாலும் வேண்டாம், ஒரு மாத வட்டியிலேயே எல்லாம் போய்விடும்.

இதையெல்லாம் செய்தும் ஒரு டேங்கில் மைலேஜ் திடீரென்று ஐந்து, ஆறு கிலோமீட்டர் விழுந்தால் பதறவேண்டாம், இந்த வரிசையில் பாருங்கள்: முதலில் இரண்டு சக்கரத்திலும் காற்று, பிறகு பின்சக்கரத்தைச் சுற்றி பிரேக், பிறகு ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக். எல்லாம் சரியாக இருந்தால் வண்டியை விட்டுவிட்டு பங்கை மாற்றுங்கள். வேறொரு பங்கில் இரண்டு டேங்க் அடித்துப் பாருங்கள், மைலேஜ் பழையபடி ஏறிவிட்டால் பழைய பங்குக்கு ஒருநாள் போய் ஐந்து லிட்டர் அளவுக்குடத்தை எடுத்து வரச் சொல்லுங்கள்.